இராமாநுஜனும் மேதையின் மனமும்

கணிதத்தில் ஒப்பற்ற வல்லமை உடையார் ஏனை மக்களினின்று வேறான மனம் படைத்தவர் என்பதும், அவ்வல்லமை பித்துக்கு அண்மையில் நிற்பது என்பதும் நெடுங்காலமாக உலகில் வழங்கிவரும் கொள்கையாம். நம் சோழ வளநாட்டில் இப்பேச்சு எழும்போதெல்லாம் கும்பகோணத்து ஸ்ரீநிவாச இராமாநுஜனே சான்றாகக் காட்டப்படுகின்றார். கணக்கில் வல்ல சிறுவன் ஒருவன் பிற பாடங்களிற் பின்னிடுவானாயின், சிலர் அவனை இன்னோர் இராமாநுஜன் என்று புகழ்ந்து அவ்வளவில் விட்டுவிடுகின்றனர். சிலர் கிறுக்கன் என்று இகழ்ந்து ஒதுக்கிவிடுகின்றனர். இரண்டிலும் கெடுபவன் அச்சிறுவனே. ஆதலின் அப்பெரியாரின் வாழ்க்கையை நிதானமாக நோக்கி, அவர் மனம் எவ்வகையில் வேறுபட்டது, எவ்வகையில் நம் மனத்தை ஒத்தது என ஆராய்தல் நம் சமூகத்துப் பெற்றோர்க்குப் பயன் தரும் என்று கருதுகின்றோம்.

இராமாநுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் தம் பாட்டியார் இல்லத்திற் பிறந்தார்; வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தையார் ஸ்ரீநிவாச ஐயங்கார் ஜவுளிக் கடையொன்றிற் கணக்கர். மாத வருவாய் ஏறக்குறைய 20 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கோயிலிற் பஜனை பாடியும், வெளியூர் மாணவர்க்கு இல்லத்தில் உணவளித்தும் குடும்பத்திற்குத் துணை செய்தார். 1889-இல் அம்மை கண்டு பிழைத்த அக்குழந்தை மூன்று வயதளவும் பேசவில்லை என்பர். எனினும் 1897-இல் ஆரம்பப் பரீக்ஷை எழுதியபோது தஞ்சை ஜில்லாவிலேயே முதல்வனாகத் தேறினான். டவுன் உயர்தரப் பள்ளியிற் பயின்ற நாளில், 1,200 மாணவர்க்கு வகுப்பு நேரம் வகுக்கும் வேலையை ஆசிரியர் இவனிடம் ஒப்பித்தனர். பிற பாடங்களைக் கற்க இயலாத மனம் அன்று அது என்பதை நேயர்கள் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

1903-இல் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்கு வந்தது. பரீக்ஷைக்குப் பயிலுவோர்க்காக ஏறத்தாழ 5,000 விதிகளை மிகச் சுருங்கிய விளக்கத்தோடு அடுக்கிச் செல்லும் நூல் அது. அவ்விதிகளைத் தாமே நிறுவப் புகுந்த இளைஞர் வேறெதிலும் மனஞ் செலுத்தாராயினார். 1904-இல் காவிரிக் கரையிலுள்ள அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார்; ஆங்கிலத்தில் தவறவே அச்சம்பளம் நின்றது. 1905-இல் வீட்டாரிடம் சொல்லாது விசாகப்பட்டினம் சென்றார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் பயின்றும், எஃப்.ஏ. பரீக்ஷையில் 1906-லும் 1907-லும் தேறவில்லை.

இவற்றைக் கொண்டு அவரைப் பித்தர் என்னலாமோ? உபகாரச் சம்பளம் இழந்து, வறிய குடும்பத்திற்குச் சுமையானோம் என்று நாணிய பதினேழு வயது இளைஞன் ஊரைவிட்டு நீங்குதல் நம் ஊர்களிற் புதிதன்று. திண்ணையில் அமர்ந்து சிலேட்டுப் பலகையிற் கணக்கிட்டு, முழங்கையால் துடைத்துத் துடைத்து எழுதியதையும் விந்தையாகக் கூறுவர். காகிதம் வாங்கப் பொருளின்மையே அதன் காரணம். முடிபுகளை மட்டுமே நோட்டுப் புத்தகத்தில் வரைந்து வைத்தார். நிரூபணமின்றி நின்ற அம்முடிபுகளைப் பிற்காலத்தார் கண்டு, அவை வானினின்று இறங்கினவோ என வியந்தனர். அவ்வியப்பிற் பாதி காகித விலையால் விளைந்தது எனலாம்.

அவரைக் காத்தவர்கள் கணிதமறிந்த உத்தியோகஸ்தர்கள். 1907-இல் இந்தியக் கணித சங்கத்தைத் தோற்றுவித்த வி. இராமசாமி ஐயர் 1910-இல் திருக்கோயிலூரில் டிப்டி கலெக்டராக இருந்தார். குமாஸ்தா வேலை வேண்டி வந்த இராமாநுஜனின் நோட்டுப் புத்தகத்தைக் கண்ட அவர், அவ்வறிவைச் சிறு வேலையில் இட்டு அழிக்க மனமின்றி, சென்னை நண்பர்கட்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் உதவினார். 1912 மார்ச்சு முதல் சென்னைத் துறைமுக ஆபீஸில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை அமைந்தது. 1913 ஜனவரி 16-ஆம் நாளிட்ட கடிதத்தால் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி அவர் பெருமையை உணர்ந்தார். அவ்வாண்டே சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் அளித்தது. 1914 மார்ச்சு 17-ஆம் நாள் அவர் சீமைக்குக் கப்பலேறினார்.

கேம்பிரிட்ஜில் அவர் குளிரால் நடுங்கி, மேலங்கியும் சால்வையும் போர்த்து உறங்கினாராம். படுக்கையில் மடித்துச் செருகியிருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பதை அவர்க்கு ஒருவரும் சொல்லவில்லை. நண்பர் மஹலனோபிஸ் அதனைக் கண்டு கற்பித்தார். புலால் உண்ணா நியமமுடையவர் தாமே சமைத்து, வேளை தவறி உண்டார்; யுத்த காலத்தில் காய்கறிகளும் அரியவாயின. 1917-இல் நோய் முற்றி, ஓர் ஆஸ்பத்திரியினின்று மற்றோர் ஆஸ்பத்திரிக்கு மாறி மாறிக் கிடந்தார். 1918-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்று தெய்வாதீனமாகப் பிழைத்தார். இதனை மேதையின் விளைவென்பார் உளர். தனிமையும், பட்டினியும், தீராப் பிணியும், தாய்நாடு திரும்ப வழியற்ற போரும் கூடினால் கணக்கே அறியாத மனமும் தளரும். அக்காலத்து மருத்துவர் காசம் என்று கருதிய அந்நோய், ஈரலைப் பற்றிய அமீபா நோயாக இருக்கலாம் என 1994-இல் ஆராய்ந்து கூறியுள்ளனர்.

இனி, அவர் மனத்தின் தனித்தன்மை யாது? நாமகிரித் தாயார் கனவில் உணர்த்துவதாக அவர் நம்பியதுண்டு. ஆயினும் அவர் உழைத்த விதத்தையும் காண்போம். 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என 5 வகையாகப் பகுக்கலாம். 100-ஐப் பகுக்கும் வகைகளோ 19,05,69,292. மக்மஹன் என்பார் கணித்த இத்தகைய பட்டியலை இராமாநுஜன் உற்று நோக்கினார். 4-க்கு 5, 9-க்கு 30, 14-க்கு 135 என, 4-இல் தொடங்கி ஐயைந்தாகச் செல்லும் எண்களின் வகைத்தொகை யாவும் ஐந்தால் மிச்சமின்றி வகுபடுதலைக் கண்டு, அதனை நிறுவியும் காட்டினார். பட்டியல் பலர் கண்முன்னும் இருந்தது. அத்தனை நேரம் அதன்முன் அமர்ந்திருந்தவர் அவர். பகா எண்களைப் பற்றி அவர் கருதிய சில முடிபுகள் பிழைபட்டதும் உண்டு. அவர் எண்ணும் முறை ஏனைக் கணிதரது முறையே என்பது உடனிருந்து உழைத்த ஹார்டியின் துணிபு.

இக்காலத்து மனநூலார் சிலர், மறைந்த மேதைகளுக்கு மனக்குறைப் பெயர்களைச் சூட்டுகின்றனர். ஆளைக் காணாது நோய் கூறுதலை யாம் ஏற்கவில்லை. கணிதத்தில் தலைநின்ற ஆய்லர் 13 குழந்தைகட்குத் தந்தையாய் அமைதியான இல்வாழ்க்கை நடத்தினார். அமெரிக்கரான நாஷ் மனநோயுற்றது உண்மையே. அவர்க்கு 1994-இல் நோபெல் பரிசு ஈட்டித்தந்த ஆராய்ச்சியோ நோய்க்கு முற்பட்டது. திருக்கோயிலூர் இராமசாமி ஐயர் கணிதமும் சர்க்கார் உத்தியோகமும் ஒருங்கே நடத்தினார். நோயுற்ற மேதையை உலகம் கதையாக்குகின்றது. நலமாய் வாழ்ந்தவரைப் பற்றிக் கதை எழுவதில்லை. இக்கொள்கை பரவியதற்கு இதுவே பெருங்காரணம் போலும்.

1918-இல் ராயல் சொஸைட்டியின் உறுப்பினரும், டிரினிட்டி கலாசாலையின் ஃபெல்லோவும் ஆகிய இராமாநுஜன், 1919-இல் தாயகம் மீண்டு, 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் 32-ஆம் வயதிற் சென்னையில் காலமானார். திரும்புமுன் அவர் செய்த செயலொன்றை நம் சங்கத்தார் மறத்தலாகாது. சர்வகலாசாலை அவர்க்கு ஆண்டுக்கு 250 பவுன் வழங்க இசைந்தது. தம் பெற்றோர்க்கு 50 பவுன் அளித்து, தம் செலவு போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர், அநாதைகள் ஆகியோரின் பள்ளிச் சம்பளத்தைக் குறைத்தற்கும் பள்ளிகட்குப் புத்தகம் வாங்குதற்கும் செலவிடுமாறு 1919 ஜனவரியில் அவர் எழுதினார். உபகாரச் சம்பளம் நின்ற நாளின் துயரை மறவாத மனம் அது. அம்மனத்தில் பித்தின் சாயல் எங்கே உளது?

ஆதலின், ஒரு பாடத்தில் ஓங்கி மற்றொன்றில் தாழும் பிள்ளைகளை நாம் வியந்து கைவிடலும் வேண்டா. வெறுத்துக் கைவிடலும் வேண்டா. ஆங்கிலத்தில் தவறியவனுக்கு ஆங்கிலம் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்துவோம். அதுவரை அவன் உபகாரச் சம்பளத்தை நிறுத்தாதிருப்போம். வெளியூரிற் பயில்வோன் உண்டானா, உறங்கினானா என்று கேட்க ஒருவரை வைப்போம். மேதை எவ்வீட்டில் தோன்றும் என்று யாரும் அறியார். தோன்றியபின் அதற்குச் சோறும் காகிதமும் குறையாமற் பார்த்தல் நம்மால் இயலும். அதுவே நம் கடனுமாகும்.