செங்கல் சூளையில் எழுந்த கல்விக்கூடம்

அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி என்பது நம் பழமொழி. கல்விக்கூடத்திற்கும் இது பொருந்தும். தலைமை ஏற்றவர் நடக்கும் முறையே மாணவரின் படிப்பை உயர்த்துகிறது, அல்லது தாழ்த்துகிறது. இதற்குச் சான்றாக விளங்குபவர் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன்.

1856ஆம் ஆண்டு வர்ஜீனியாவில் ஒரு பண்ணையில் அவர் அடிமையாகப் பிறந்தார். 1865இல் அடிமைத்தளை நீங்கிற்று, வறுமை நீங்கவில்லை. உப்புக் காய்ச்சும் ஆலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்தார். எழுத்தறியாத தாய் எங்கிருந்தோ ஓர் எழுத்துப் பாடநூலைத் தேடிக் கொடுத்தார். அதுவே தொடக்கம்.

1872இல் ஏறத்தாழ 500 மைல் கடந்து ஹாம்ப்டன் என்னும் பள்ளியை அடைந்தார். அங்கே ஓர் அறையைப் பெருக்கச் சொன்னார்கள். மூன்று முறை பெருக்கி, நான்கு முறை துடைத்தார். அதுவே அவருக்கு நுழைவுத் தேர்வாயிற்று! பள்ளியைத் துப்புரவு செய்யும் வேலையைப் பார்த்துக்கொண்டே படித்து, 1875இல் தேறினார். விடுதியில் இடம் போதாமல் மாணவர் சிலர் குளிர்காலத்தில் கூடாரங்களில் தங்கியபோது, பள்ளித் தலைவர் ஆர்ம்ஸ்ட்ராங் காலைதோறும் அங்கு வந்து நலம் விசாரித்தார். அக்கூடாரவாசிகளுள் புக்கரும் ஒருவர். தலைமை என்றால் என்ன என்பதை அங்கேதான் அவர் கற்றார்.

1881 ஜூலை 4 அன்று அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில், 30 மாணவருடன், மழைக்கு ஒழுகும் குடிசையொன்றில் தம் பள்ளியைத் தொடங்கினார். அரசு தந்த 2,000 டாலர் ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டுமே. கடன் வாங்கி ஒரு பழைய பண்ணையை வாங்கினார். படிக்க வந்த நாங்கள் காடு வெட்டுவதா என்று மாணவர் தயங்கினர். புக்கர் வாதாடவில்லை, கோடரியை எடுத்துத் தாமே முன்னால் நடந்தார். மாணவர் பின்தொடர்ந்தனர்.

கட்டடத்துக்குச் செங்கல் வேண்டுமே? மூன்று முறை சூளை வைத்தும் தோல்வி. கைப்பணமும் தீர்ந்தது. தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காம் முறை முயன்றார். செங்கல் நன்கு வெந்தது. அச்செங்கற்களைக் கொண்டு மாணவர்களே தங்கள் பள்ளியை எழுப்பினர். கட்டணம் செலுத்த இயலாத ஏழைகளுக்காக 1884இல் இரவுப் பள்ளியும் ஏற்பட்டது. பகலில் பத்து மணி நேர வேலை, இரவில் இரண்டு மணி நேரப் படிப்பு.

கண்டிப்பிலும் அவர் குறைந்தவரல்லர். வெளியூர் சென்றாலும் பள்ளியின் அன்றாட நடப்பு குறித்த அறிக்கை அவரைத் தேடி வந்துவிடும். அதே மனிதர், பள்ளியின் குறைகளைத் தமக்குக் கடிதமாக எழுதுமாறு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மாணவரைக் கேட்டார் என்பதுதான் வியப்பு. குறை சொல்லும் உரிமை பெற்றவன் பள்ளியைத் தனதாக எண்ணுகிறான்; தனதென எண்ணுகிறவன் ஊக்கத்துடன் படிக்கிறான்.

அவர் வழியில் குறையே இல்லை என்பதற்கில்லை. தொழிற்கல்விக்கே முதலிடம் தந்து உயர்கல்வியையும் அரசியல் உரிமையையும் பின்தள்ளினார் என்று, அறிஞர் டூ பாய்ஸ் 1903இல் தம் நூலில் கடுமையாகச் சாடினார். அக்கண்டனத்தில் நியாயம் உண்டு. தலைவர் வரையும் எல்லைக்கோடே மாணவரின் எல்லையாகிவிடும் ஆபத்தையும் அது உணர்த்துகிறது.

1915இல் அவர் மறைந்தபோது, 30 பேருடன் தொடங்கிய பள்ளியில் ஏறத்தாழ 1,500 மாணவர் பயின்றனர். நூறு கட்டடங்கள் நின்றன.

நம்மில் பலர் குடும்பத்தில் கல்லூரியை மிதித்த முதல் தலைமுறையினர், நானும் அவ்வாறே. நாளை நம்மில் சிலர் ஆசிரியராகலாம், தலைமையாசிரியரும் ஆகலாம். அன்று முதலில் கோடரியை நாம் எடுப்போம்; மாணவரின் குறைகளுக்குச் செவி கொடுப்போம்; அவர்கள் எட்ட வேண்டிய உயரத்துக்கு மட்டும் எல்லை வகுக்காதிருப்போம்!