ஜிப் தந்த பில் காட்ஸ்

இரண்டாம் வருஷம் சி லேபில் நடந்த கூத்தைச் சொல்லிவிட்டுத்தான் கதைக்கு வரவேண்டும். நண்பனின் புரோகிராமை வாங்கி, வேரியபிள் பெயர்களை மட்டும் மாற்றி, என்னுடையது என்று ரெக்கார்டில் எழுதிவிட்டேன். கமெண்ட் வரியில் அவன் செய்திருந்த ஸ்பெல்லிங் தப்பையும் சேர்த்தே காப்பியடித்திருக்கிறேன்! வைவாவில் சார் சரியாக அந்த வரியில் விரலை வைத்தார். வழிந்த அசடு இன்னும் காயவில்லை.

அதனாலோ என்னவோ, பில் காட்ஸின் வாழ்க்கையைப் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. யார் இவர் என்கிறீர்களா? நாம் நோட்ஸ் அனுப்பும் ஜிப் கோப்பை உருவாக்கியவர்.

1962-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய இளமைக் காலத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர்காரர்கள் டெலிபோன் லைனில், மோடம் வைத்துத்தான் மென்பொருளைப் பரிமாறிக்கொண்டார்கள். 2400 பிட் வேகத்தில் 100 கிலோபைட் இறங்க ஏழு நிமிஷம் ஆகும். கோப்பைப் பாதியாகச் சுருக்கினால் போன் செலவும் பாதி! அதற்காக 1985-ல் வந்தது ஆர்க். எழுதிய எஸ்.இ.ஏ. என்ற சிறு நிறுவனம், ஓடும் புரோகிராமோடு சி சோர்ஸையும் கொடுத்தது.

காட்ஸ் அதன் முக்கியப் பகுதிகளை அசெம்ப்ளியில் இழைத்து, வெகு வேகமாக ஓடும் பி.கே.ஆர்க்கைத் தன் பெயரில் வெளியிட்டார். 1988-ல் வழக்கு. ஒப்பிட்டுப் பார்த்த நிபுணர் கண்டது என்ன தெரியுமா? இரண்டிலும் அதே கமெண்ட், அதே ஸ்பெல்லிங் தப்பு! சமரசமாகி, காட்ஸ் பணம் கட்டினார். வேடிக்கை என்னவென்றால், ஜனங்கள் பலர் அவர் பக்கம்தான் நின்றார்கள். சோர்ஸைத் திறந்து கொடுத்தவர்களுக்கு வில்லன் பட்டம்! எனக்கு இது இன்னும் ஜீரணமாகவில்லை.

ஆனால் அடுத்து அவர் செய்ததையும் சொல்லணும். 1989-ல் பி.கே.ஜிப் வந்தது. புரோகிராமை ஓடும் நிலையில்தான் தந்தார், சோர்ஸ் கிடையாது. ஆனால் கோப்புக்குள் எந்த பைட்டில் என்ன இருக்கிறது என்பதை விளக்கமாக எழுதி, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார். அதை வைத்து இன்ஃபோ-ஜிப் குழுவினர் சொந்தமாக புரோகிராம் எழுதி, சோர்ஸோடு இலவசமாகவே கொடுத்தார்கள். 1993-ல் அவர் தந்த டிஃப்ளேட் சுருக்குமுறை இன்று பி.என்.ஜி. படங்களுக்குள்ளும் இருக்கிறது.

பணம் வந்தது, நிம்மதி வரவில்லை. குடி பிடித்துக்கொண்டது. 2000 ஏப்ரல் 14 அன்று மில்வாக்கி நகரில் ஓர் ஓட்டல் அறையில் தனியாக இறந்துகிடந்தார். வயது 37.

லேபில் சும்மா இருக்கும்போது ஒரு ஜிப் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். குப்பை குப்பையாகத் தெரியும். அதில் முதல் இரண்டு எழுத்து பி, கே. வேர்டின் டாக்எக்ஸ், ஆண்ட்ராய்டின் ஏ.பி.கே. எதைத் திறந்தாலும் அதே இரண்டு எழுத்துதான், அவருடைய இனிஷியல்.