ரொட்டிப் பூஞ்சையில் கிடைத்த விடை: யார் இந்த ஜார்ஜ் பீடில்?

மரபணு என்னதான் வேலை செய்யுது? இன்னைக்குப் பள்ளிப் புத்தகத்திலேயே பதில் இருக்கு. ஆனால் 1930-களில் விஞ்ஞானிகளுக்கே இது பெரிய புதிர். கண் நிறம் பரம்பரையாக வருகிறது என்று தெரியும். மரபணு அதை எப்படி உண்டாக்குகிறது என்பது தெரியாது. அந்தப் புதிரை உடைத்தவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் பீடில்.

விவசாயி மகன்

1903-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், வாஹூ என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பாவுக்குப் பிறகு பண்ணையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர். பள்ளி ஆசிரியை ஒருவர் தந்த ஊக்கத்தில் கல்லூரிக்குப் போனார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் மக்காச்சோள மரபியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

ஈயை விட்டு பூஞ்சைக்கு

1935-ல் பாரிஸில் போரிஸ் எஃப்ருஸியுடன் பழ ஈயின் கண் நிறத்தை ஆராய்ந்தார். நிறம் படிப்படியாக உருவாகுது, ஒவ்வொரு படியிலும் ஒரு மரபணுவுக்கு வேலை இருக்கு என்பது புரிந்தது. ஆனால் அதில் உள்ள வேதிப்பொருள்களைக் கண்டுபிடிப்பதற்குள் வருஷங்கள் ஓடின.

ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் டாட்டமுடன் சேர்ந்தபோது பீடில் ரூட்டையே மாற்றினார். தெரிந்த வேதிவினையை எடுத்துக்கொண்டு, அதற்கான மரபணுவைத் தேடலாமே என்று யோசித்தார்.

அதற்குத் தேர்ந்தெடுத்தது நியூரோஸ்போரா. ரொட்டியில் படரும் ஆரஞ்சு நிறப் பூஞ்சை. சர்க்கரை, சில உப்புகள், பயோட்டின் என்ற ஒரே ஒரு வைட்டமின் போதும். மற்ற சத்துகளை அதுவே தயாரித்துக்கொள்ளும். நமக்கு ஒவ்வொரு மரபணுவும் ரெண்டு நகல், அதற்கு ஒன்றுதான். அது பழுதானால் உடனே தெரிந்துவிடும்.

299-வது பூஞ்சை

எக்ஸ்ரே பட்ட பூஞ்சையின் சந்ததிகளைத் தனித்தனியாக, எல்லாச் சத்தும் கொடுத்து வளர்த்தார்கள். பிறகு ஒவ்வொன்றையும் குறைந்தபட்ச உணவில் வைத்துப் பார்த்தார்கள். 299-வது பூஞ்சை வளரவில்லை. வைட்டமின் பி6 கொடுத்ததும் வளர்ந்தது. கலப்பு செய்து பார்த்ததில், பழுதானது ஒரே ஒரு மரபணு என்று தெரிந்தது.

1941-ல் ஆய்வு வெளியானது. ஒரு மரபணு ஒரு நொதியை உருவாக்க வழிசெய்கிறது என்ற கருத்து இதிலிருந்துதான் வளர்ந்தது. 1958-ல் பீடில், டாட்டம், ஜோஷுவா லெடர்பெர்க் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே மரபணு பல புரதங்களைத் தரலாம் என்று பின்னாளில் தெரியவந்தாலும், அடிப்படை இதுதான்.

மறுபடியும் சோளக் காடு

மக்காச்சோளம் டியோசின்டே என்ற மெக்சிகோ காட்டுப் புல்லிலிருந்து வந்தது என்று 1939-லேயே வாதிட்டவர் பீடில். ஓய்வுக்குப் பிறகு, இரண்டையும் கலந்து கிடைத்த சுமார் 50,000 செடிகளை ஆராய்ந்தார். ஏறக்குறைய 500-ல் ஒன்று அசல் சோளம் போலவோ, அசல் புல் போலவோ இருந்தது. அப்படியென்றால், நாலைந்து முக்கிய மரபணுக்கள் மாறினாலே புல் சோளமாகிவிடும் என்று கணக்கிட்டார்.

1989-ல் பீடில் இறந்தார். சோளத்தின் முன்னோர் டியோசின்டேதான் என்பதை டிஎன்ஏ ஆய்வுகளும் உறுதி செய்துவிட்டன.