எஸ். ராஜரத்தினம்

சின்னத்தம்பி ராஜரத்தினம் (பெப்ரவரி 25, 1915 - பெப்ரவரி 22, 2006) சிங்கப்பூரின் முதலாவது வெளியுறவு அமைச்சர் ஆவார். ஆசியான் எனப்படும் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பை நிறுவிய ஐவருள் ஒருவர்.

இளமை

யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் பிறந்த இவர், மலாயாவின் சிரம்பானில் வளர்ந்தார். இலண்டனில் சட்டம் பயிலச் சென்று, அப்படிப்பை முடிக்காமல் சிறுகதையிலும் இதழியலிலும் ஈடுபட்டார். 1954 இல் மக்கள் செயல் கட்சியின் நிறுவனர்களுள் ஒருவரானார். 1959 இல் பண்பாட்டு அமைச்சரானார்.

ஆசியான்

1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்த சிங்கப்பூருக்குப் போதிய உள்நாட்டுச் சந்தை இல்லை; குடிநீரில் பெரும்பகுதி ஜொகூரிலிருந்தே வந்தது. இந்தோனேசியாவின் மோதல் கொள்கை 1966 வரை நீடித்தது. இத்தகைய அண்டை நாடுகளுடன் ஓர் அமைப்பில் இணைவதே பாதுகாப்பு என ராஜரத்தினம் கருதினார். 1967 ஆகஸ்ட் 8 அன்று இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து அமைச்சர்களுடன் பாங்காக் சாற்றுரையில் கையெழுத்திட்டார். நாட்டு நலனோடு வட்டார நலனையும் பொருத்திப் பார்க்காவிடில் அமைப்பு நிலைக்காது என அங்கு எச்சரித்தார்.

வணிக உடன்பாடுகள்

அவ்வெச்சரிக்கை பொய்க்கவில்லை. 1977 பெப்ரவரியில் மணிலாவில் முன்னுரிமை வணிக ஏற்பாடு கையெழுத்தானது. ஏறத்தாழ வரியற்ற துறைமுகமான சிங்கப்பூர் விரைவான வரிக்குறைப்பை விரும்பியது. தம் தொழில்களைக் காக்க விரும்பிய இந்தோனேசியா போன்ற நாடுகள் தயங்கின. விளைவாக, பனி பெய்யாத இவ்வெப்பமண்டலத்தில் பனி அகற்றும் பொறிகள் கூடச் சலுகைப் பட்டியலில் இடம்பெற்றன.

வெளியாருடன் ஒரே அணியாகப் பேசுவதில் ஆசியான் கூடுதல் வெற்றி கண்டது. 1980 மார்ச் 7 அன்று கோலாலம்பூரில் ஐரோப்பியப் பொருளாதார சமூகத்துடன் ஒத்துழைப்பு உடன்பாடு கையெழுத்தானது. அது சிறப்பு வரிச்சலுகை எதையும் வழங்கவில்லை. வணிகத்தில் மிகவும் வேண்டப்பட்ட நாடு என்ற நிலையையும் ஒரு கூட்டுக் குழுவையும் மட்டுமே தந்தது. எனினும், காட் எனப்படும் சுங்கவரி, வணிகப் பொது உடன்படிக்கையில் அப்போது சேராதிருந்த தாய்லாந்துக்கு அதுவும் பயனுள்ளதே. அதே கூட்டத்தில் கம்போடியா, ஆப்கானித்தான் படையெடுப்புகளைக் கண்டித்து இரு தரப்பும் கூட்டறிக்கை வெளியிட்டன. வியட்நாமின் கம்போடியப் படையெடுப்பைக் கடுமையாக எதிர்த்துவந்த ராஜரத்தினத்துக்கு, வரிச்சலுகையைவிட இவ்வறிக்கையே பெரிதாக இருந்திருக்க வேண்டும்.

பிற்காலம்

1980 இல் வெளியுறவுப் பொறுப்பிலிருந்து விலகி, துணைப் பிரதமராகவும் பின்னர் மூத்த அமைச்சராகவும் இருந்து, 1988 இல் ஓய்வு பெற்றார். ஆசியான் தடையற்ற வணிக வலய உடன்பாடு 1992 சனவரியில் சிங்கப்பூரிலேயே கையெழுத்தானது.