தீவல்லாத ஒரு தீவு: பாப்லோ நெருடா குடியேறிய கடற்கரைக் கிராமம்

சிலி நாட்டின் தலைநகர் சாந்தியாகோவிலிருந்து மேற்கே நூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமாகப் பயணித்தால், பசுபிக் சமுத்திரத்தின் ஓரம் இஸ்லா நெக்ரா என்ற சிறிய ஊர் வரும். பெயரின் பொருள் கறுப்புத் தீவு. ஆனால் அது தீவு அல்ல. வால்பரைசோ, சான் அந்தோனியோ ஆகிய இரு துறைமுகங்களுக்கும் இடையே மீனவர்களும் கல்லுடைப்போரும் வாழ்ந்த கரை அது. அங்கு வந்து குடியேறிய ஒரு கவிஞர் வைத்த பெயரே ஊரின் பெயராக நிலைத்துவிட்டது. அந்தக் கவிஞர் பாப்லோ நெருடா. 1971 இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்.

அவர் கடற்கரையில் பிறந்தவர் அல்லர். 1904 ஜூலை 12 ஆம் திகதி பரால் என்ற உள்நாட்டு ஊரில் பிறந்தார். பிறந்து இரண்டு மாதங்களில் தாய் காசநோயால் இறந்தார். தந்தை புகையிரதத் தொழிலாளி. வேலை நிமித்தம் குடும்பம் தெற்கே, மழையும் காடும் நிறைந்த தெமுக்கோவுக்குச் சென்றது. மகன் கவிதை எழுதுவது தந்தைக்குப் பிடிக்கவில்லை. இதனால் பதின்ம வயதிலேயே நெருடா என்ற புனைபெயரைச் சூட்டிக்கொண்டார். 1924 இல், இருபது வயதை எட்டும் வேளையில் வெளிவந்த காதல் கவிதைத் தொகுப்பு அவரை நாடறியச் செய்தது. ஆனால் அந்தப் புகழ் வயிற்றை நிரப்பவில்லை. 1927 இல் மிகச் சொற்பமான வருமானத்துடன் ரங்கூனுக்குக் கொன்சலாகப் புறப்பட்டார்.

அங்கிருந்து 1929 இன் தொடக்கத்தில் அவர் வந்து சேர்ந்த இடம் நாம் நன்கறிந்த ஒன்று: கொழும்பு வெள்ளவத்தை. கடலை அண்டிய சிறிய பங்களா ஒன்றில் தனியாக வாழ்ந்தார். ஆங்கிலேய அதிகாரிகளின் கழகங்களோடு அவருக்கு ஒட்டவில்லை. லயனல் வென்ட் போன்ற கலைஞர்களின் நட்பு கிடைத்தது. கிரியா என்று பெயரிட்ட ஒரு கீரிப்பிள்ளையையும் வளர்த்தார். அவரது மிகச் சிறந்த படைப்புகளில் ஒன்றாகக் கருதப்படும் 'பூமியில் வாசம்' தொகுப்பின் ஒரு பகுதி இந்தத் தனிமையில்தான் உருவானது.

அந்த வீட்டில் நடந்த இன்னொரு விடயத்தைச் சொல்லாமல் நெருடாவின் வாழ்க்கையை, அதுவும் தமிழில், எழுத முடியாது. வீட்டின் மலசலகூட வாளியை நாள்தோறும் விடியுமுன் ஒரு பெண் வந்து அகற்றிச் செல்வார். அவர் தமிழ்ப் பெண். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். நெருடா பழங்களையும் பட்டுத்துணியையும் அவர் செல்லும் வழியில் வைத்துப் பார்த்தார். அப்பெண் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு நாள் காலை அவரது கையைப் பிடித்து இழுத்துச் சென்று வல்லுறவுக்கு உட்படுத்தினார். கண்களைத் திறந்தபடி கற்சிலைபோல் அந்தப் பெண் கிடந்ததையும், தன்னை அவர் வெறுத்தது நியாயமே என்பதையும் நெருடாவே தமது நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அவர் இறந்த மறுவருடம் நூல் வெளிவந்தது. பல ஆண்டுகளாக அந்தப் பக்கத்தை எவரும் பெரிதுபடுத்தவில்லை. 2018 இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு நெருடாவின் பெயரைச் சூட்டும் முயற்சி எழுந்தபோது, சிலி நாட்டுப் பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர்கள் இந்தச் சம்பவத்தை முன்வைத்து எதிர்த்தனர். வெள்ளவத்தைப் பெண்ணின் பெயர் மட்டும் எந்தப் பதிவிலும் இல்லை.

1930 இல் கொழும்பை விட்டு பத்தாவியாவுக்குச் சென்ற நெருடா, அங்கே ஒல்லாந்துப் பெண் ஒருவரை மணந்தார். பின்னர் சிலி, ஆர்ஜென்டினா, ஸ்பெயின் என வாழ்க்கை நகர்ந்தது. மட்ரிட்டில் அவர் இருந்த காலத்தில் 1936 இல் உள்நாட்டுப் போர் வெடித்தது. நெருங்கிய நண்பரான கவிஞர் லோர்க்கா சுட்டுக் கொல்லப்பட்டார். நெருடாவின் வீடு குண்டுவீச்சில் சிதைந்தது. காதலும் தனிமையும் எழுதிவந்தவர், தெருவில் சிந்திய இரத்தத்தைப் பற்றி எழுதத் தொடங்கினார்.

ஸ்பெயினிலிருந்து நாடு திரும்பிய பிறகே அந்தக் கடற்கரை அவர் கண்ணில் பட்டது. லத்தீன் அமெரிக்காவின் வரலாற்றை ஒரு பெருங்காவியமாக எழுத அமைதியான இடம் தேடிக்கொண்டிருந்தார். 1930களின் இறுதியில், வயதான ஸ்பானியக் கப்பலோட்டி ஒருவரிடமிருந்து பாதி கட்டப்பட்ட சிறிய கல்வீட்டையும் அதைச் சூழ்ந்த காணியையும் வாங்கினார்.

ஆனால் அங்கே நிம்மதியாகக் குடியமர்வதற்கு முன் அவருக்கு ஒரு வேலை வந்தது. போரில் தோற்ற குடியரசுத் தரப்பினர் இலட்சக்கணக்கில் எல்லை கடந்து பிரான்சுக்குள் சென்று, முட்கம்பி வேலிகளுக்குள் அடைபட்டிருந்தார்கள். சிலி ஜனாதிபதி பெத்ரோ அகிரே செர்தா, அவர்களில் ஒரு தொகுதியினரைச் சிலிக்கு அனுப்பிவைக்கும் பொறுப்பை நெருடாவிடம் ஒப்படைத்தார். 'வின்னிபெக்' என்ற பழைய சரக்குக் கப்பல் ஒழுங்குசெய்யப்பட்டது. சரக்கு அறைகளில் படுக்கைகள் அடிக்கப்பட்டன. மீனவர், விவசாயி, தச்சர், ஆசிரியர் என இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் ஏறினர். முகாம்களில் பிரிந்து கிடந்த கணவனும் மனைவியும் துறைமுகத்தில்தான் மீண்டும் சந்தித்துக்கொண்டார்கள். 1939 ஓகஸ்ட் 4 ஆம் திகதி புறப்பட்ட கப்பல், செப்டெம்பர் 3 ஆம் திகதி வால்பரைசோவில் மக்களை இறக்கியது. அதே நாளில்தான் பிரித்தானியாவும் பிரான்சும் ஜேர்மனி மீது போர்ப் பிரகடனம் செய்தன. ஒரு மாதம் தாமதித்திருந்தால் அந்த மக்களின் கதி வேறாக இருந்திருக்கும்.

தமது வாழ்வில் தாம் செய்த பெருஞ்செயலாக நெருடா இதையே கருதினார். அதே மனிதர்தான், தலையில் நீர்கோத்த நோயோடு பிறந்த தன் ஒரே மகள் மால்வா மரீனாவையும் அவளின் தாயையும் விட்டுப் பிரிந்தவர். 1943 இல், எட்டு வயதில், ஒல்லாந்தில் அந்தக் குழந்தை இறந்தபோது தந்தை அருகில் இல்லை.

இஸ்லா நெக்ரா வீடு மெல்ல மெல்ல வளர்ந்தது. அதை விரித்துக் கட்டிய கட்டடக்கலைஞர் ரொட்ரிகேஸ் ஆரியாஸும் ஸ்பெயின் போரினால் நாட்டை இழந்து வந்தவரே. அகலம் குறைந்து நீண்டுசெல்லும் அந்த வீட்டில் ஒரு பக்கம் கப்பலின் சாயல், மறுபக்கம் தந்தையின் புகையிரதத்தின் சாயல். பழைய கப்பல்களின் முகப்பில் இருந்த மரப்பாவைகள், போத்தல்களுக்குள் அடைத்த சிறு கப்பல்கள், சிப்பிகள், சங்குகள், நங்கூரங்கள், மணிகள் என்று போன நாடுகளில் எல்லாம் வாங்கிச் சேர்த்தார். ஒரு நாள் அலையில் மிதந்துவந்த கப்பல் பலகைக்காகக் கரையில் காத்திருந்து எடுத்து, அதையே எழுதும் மேசையாக்கிக்கொண்டார். முற்றத்தில் ஒரு படகும் இருந்தது. ஆனால் அவர் கடலில் இறங்குபவர் அல்லர். தரையில் நின்ற அந்தப் படகில் நண்பர்களோடு அமர்ந்து மது அருந்துவதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

சாப்பாடு அவருக்கு ஒரு சடங்கு போன்றது. விருந்தினர் இல்லாத மேசை அவருக்குப் பிடிக்காது. நிறக் கண்ணாடிக் குவளையில் குடித்தால் தண்ணீரும் சுவைக்கும் என்று நம்பினார். 1954 இல் வெளிவந்த 'எளிய பொருள்களின் பாடல்கள்' தொகுப்பில் வெங்காயத்துக்கும் தக்காளிக்கும் கவிதை எழுதினார். உப்புக்கான பாடல் பின்னர் வந்தது. இவற்றுள் சிலி மக்களின் வாயில் இன்றும் நிற்பது மீன் சாறு பற்றிய கவிதை. கொங்ரியோ என்பது விலாங்கைப் போல நீண்ட மீன். அதன் தோலை உரித்து, உள்ளியையும் வெங்காயத்தையும் வதக்கி, தக்காளியும் இறாலும் சேர்த்து, மீனின் சாறு இறங்கியபின் சிறிது பாலாடை விட்டு இறக்குவார்கள். கவிதை ஏறக்குறைய சமையற் குறிப்பாகவே எழுதப்பட்டிருக்கிறது. கடற்கரைச் சனங்களின் சட்டியில் கொதித்ததை அவர் புத்தகத்தில் ஏற்றினார். நம்மூர்க் கூழைச் சுற்றி உறவுகள் கூடியிருப்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமையை விளக்கவேண்டியதில்லை. ஹங்கேரியில் பயணம் செய்து உண்டதைப் பற்றி, குவாத்தமாலா எழுத்தாளர் அஸ்துரியாஸுடன் சேர்ந்து ஒரு முழு நூலே எழுதினார். அது 1969 இல் வெளிவந்தது.

இந்த வீட்டில் அவர் தொடர்ச்சியாக வாழ விடப்படவில்லை. 1945 இல் செனட்டராகத் தெரிவாகி, கம்யூனிஸ்ட் கட்சியிலும் இணைந்தார். சுரங்கத் தொழிலாளர்கள் மீதான அடக்குமுறையைக் கண்டித்துப் பேசியதால் 1948 இல் அவரைக் கைதுசெய்ய உத்தரவு பிறந்தது. ஓராண்டுக்கும் மேலாக வீடு வீடாக ஒளிந்து வாழ்ந்தார். அடைக்கலம் கொடுத்த பலர் அவரை முன்பின் அறியாத சாதாரண மக்கள். அந்த ஒளிவிடங்களில்தான் பெருங்காவியம் எழுதி முடிந்தது. 1949 இல் குதிரையேறி அந்தீஸ் மலையைக் கடந்து ஆர்ஜென்டினாவுக்குத் தப்பினார். 1952 இல்தான் நாடு திரும்ப முடிந்தது.

1970 இல் நண்பர் அயெந்தே ஜனாதிபதியானார். நெருடா பரிசுக்குத் தூதுவராகச் சென்று, நோயுற்றுத் திரும்பி, மூன்றாவது மனைவி மெட்டில்டாவுடன் இஸ்லா நெக்ராவில் தங்கினார். 1973 செப்டெம்பர் 11 ஆம் திகதி இராணுவச் சதிப்புரட்சி நடந்தது. அயெந்தே உயிரிழந்தார். படையினர் இந்தக் கடற்கரை வீட்டையும் சுற்றிவளைத்துத் தேடினார்கள். நெருடா சாந்தியாகோ மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 23 ஆம் திகதி இறந்தார். தலைநகரில் இருந்த அவரது வீடு சூறையாடப்பட்டு, நீரும் சேறும் நிறைந்து கிடந்தது. உடைந்த கண்ணாடிகளுக்கு நடுவேதான் உடல் வைக்கப்பட்டது. துப்பாக்கிகளின் பார்வையில் நடந்த அவரது இறுதி ஊர்வலமே ஆட்சிக்கு எதிராக மக்கள் கூடிய முதல் நிகழ்வாகச் சொல்லப்படுகிறது. வின்னிபெக் கப்பலில் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக வந்து, சிலியின் பெரும் ஓவியராக வளர்ந்திருந்த ஹொசே பல்மேஸ் அந்த ஆண்டில் இரண்டாவது தடவையாக அகதியாகி பிரான்சுக்குப் போனார்.

கடலைப் பார்த்தபடி இஸ்லா நெக்ராவில் அடக்கம் செய்யுங்கள் என்று நெருடா கவிதையில் கேட்டிருந்தார். இராணுவ ஆட்சி அதற்கு இடம்கொடுக்கவில்லை. கடற்கரை வீடு பூட்டப்பட்டது. ஆனால் மக்கள் அங்கே போவதை நிறுத்தவில்லை. வீட்டைச் சூழ்ந்த மரவேலியின் பலகைகளில் பெயர்களையும் காதலையும் கோபத்தையும் எழுதிச் சென்றார்கள். நினைவுகூருவதற்கு வேறு இடம் இல்லாதபோது ஒரு வேலியே நினைவிடமானது.

ஆட்சி மாறிய பின், 1992 டிசெம்பரில், அவரது உடலும் மெட்டில்டாவின் உடலும் இஸ்லா நெக்ராவுக்கு எடுத்துவரப்பட்டு, கடலைப் பார்த்தபடி அருகருகே அடக்கம் செய்யப்பட்டன. அவர் புற்றுநோயால் இறந்தாரா, நஞ்சூட்டப்பட்டாரா என்ற சந்தேகம் எழுந்ததால் 2013 இல் உடல் மீண்டும் தோண்டப்பட்டு, 2016 இல் திரும்ப அடக்கம் செய்யப்பட்டது. அரை நூற்றாண்டு கடந்தும் உண்மையைக் கேட்கும் உரிமை தமக்கு உண்டென்று குடும்பத்தவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள்.

இன்று அந்த வீடு ஓர் அருங்காட்சியகம். இறந்துபோன நண்பர்களின் பெயர்களை நெருடா தம் கையால் எழுதிப் பதித்த மதுக்கூடத்து உத்தரங்களை அங்கே காணலாம். லோர்க்காவின் பெயரும் இருக்கிறது. தம்மவர்களின் பெயர் அழிந்துவிடக்கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்த மனிதர், வெள்ளவத்தையில் தம் வாளியைச் சுமந்த பெண்ணின் பெயரைக் கேட்டிருக்கவே இல்லை. அவரைக் கொண்டாடும்போதும் அந்த இடைவெளியை நாம் மறக்கத் தேவையில்லை.