தாம் சிறுகிப் பிறரை வளர்த்த ஆசான்

சிலாபம் முதல் கற்பிட்டி வரை நீண்டு கிடக்கும் நமது கரையோரத்தில், மாலை வெயில் தாழ்ந்ததும் மணற்பரப்புகள் விளையாட்டுத் திடல்களாகி விடுகின்றன. கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் செல்வோரின் பிள்ளைகள் ஒரே பந்தின் பின்னே வெறுங்காலுடன் ஓடுகின்றனர். பந்தை வலைக்குள் செலுத்தியவனை எல்லோரும் தோளில் தூக்கிக் கொண்டாடுகின்றனர். அவனைப் பழக்கியவரையோ எவரும் தேடுவதில்லை. அவ்வாறு பிறரைப் பழக்குவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஓர் ஆசானைப் பற்றி இவ்வாரம் சிந்திப்போம்.

அவர் பெயர் சையத் அப்துல் ரஹீம். இஸ்லாமியரான அவரை இப்பகுதியில் நினைவுகூர்வது ஏன் என்று சிலர் வினவலாம். இரக்கத்துக்கு எடுத்துக்காட்டாகச் சமாரியன் ஒருவனையும், விசுவாசத்துக்கு எடுத்துக்காட்டாக உரோமைப் படைத்தலைவன் ஒருவனையும் மக்கள்முன் நிறுத்தியவர் நம் ஆண்டவர் அன்றோ? நன்மை எங்கே விளைந்தாலும் அது இறைவனின் கொடையே.

ரஹீம் 1909 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17 ஆம் திகதி ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில் அங்குள்ள உதைபந்தாட்ட அணியில் விளையாடினார். பின்னர் பாடசாலை ஆசிரியரானார். அந்த ஆசிரிய உள்ளமே அவரைப் பயிற்றுநராக்கியது. 1943 இல் ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பை ஏற்ற அவர், மரணம் வரை அப்பணியில் நிலைத்திருந்தார். அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணி, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது.

அவர் கற்பித்த முறை எண்ணிப் பார்க்கத்தக்கது. வலக்காலில் வல்லவன் இடக்காலை மட்டுமே பயன்படுத்தி ஆட வேண்டும் என்ற விதியுடன் போட்டிகளை நடத்தினார். பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வித்தை காட்டுவதைத் தடுத்து, உடனுக்குடன் தோழனுக்குக் கொடுக்கப் பழக்கினார். உடலின் வலுவற்ற உறுப்புகளே மிகவும் தேவையானவை எனக் கொரிந்து நகரத்துச் சபைக்குப் புனித பவுல் எழுதிய கருத்து, இங்கே விளையாட்டுத் திடலில் விளங்குவதைக் காண்கிறோம்.

1951 இல் டெல்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில், அவரிடம் பயின்ற இந்திய அணி ஈரானை ஒன்றுக்குப் பூச்சியம் என வென்று தங்கப்பதக்கம் பெற்றது. மறு ஆண்டே பெருந்தோல்வி வந்தது. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குளிர்ந்த புற்றரையில் பலர் வெறுங்காலுடன் ஆட, யூகோஸ்லாவியாவிடம் ஒன்றுக்குப் பத்து எனத் தோற்றனர். அதன்பின் இந்திய வீரர்கள் சப்பாத்து அணிந்து ஆடுவது கட்டாயமாயிற்று. அத்தோல்வியோடு அவரது பணி முடிந்துவிடவில்லை. இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நான்கு நாடுகள் மோதிய கொழும்புக் கிண்ணப் போட்டி 1952 இல் நமது தலைநகரில் தொடங்கியபோது, இந்தியா பாகிஸ்தானுடன் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டது. அடுத்த மூன்று ஆண்டுகளும் தனித்தே வென்றது. 1956 இல் மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் அவுஸ்திரேலியாவை வீழ்த்தி அரையிறுதியை எட்டியது. ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் அந்நிலையை அடைந்த முதல் ஆசிய நாடு அதுவே.

எனினும், அவரது வாழ்வின் பெருமை அதன் அந்திப்பொழுதிலேயே முழுமையாக வெளிப்பட்டது. 1962 இல் ஜகார்த்தாவுக்கு அணியை அழைத்துச் சென்றபோது, அவர் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. முதலாவது ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் தோல்வி. பின்னர் தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்று, அரையிறுதியில் தென்வியட்நாமையும் வென்றனர். தாய்லாந்துடனான ஆட்டத்தில் பின்கள வீரர் ஜர்னைல் சிங் தலையில் காயமுற்றுத் தையல் போடப்பட்டிருந்தார். பந்துக்காப்பாளர் பீட்டர் தங்கராஜ் காய்ச்சலால் வருந்தியிருந்தார். போதாக்குறைக்கு, இஸ்ரவேல், தாய்வான் வீரர்களுக்கு இந்தோனேசியா அனுமதி மறுத்தமையை இந்தியப் பிரதிநிதி ஒருவர் கண்டித்ததால், உள்ளூர் மக்கள் கடுஞ்சினம் கொண்டிருந்தனர்.

நோயுற்ற ஆசான் தளர்ந்துவிடவில்லை. காயமுற்ற ஜர்னைல் சிங்கை ஒதுக்கிவிடாமல் முன்களத்தில் நிறுத்தினார். தமக்குத் தங்கப்பதக்கம் என்ற ஒரேயொரு பரிசு போதும் என அவர் வேண்டிக்கொண்டதாக அவ்வீரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தனர். செப்டெம்பர் 4 ஆம் திகதி, ஏறத்தாழ ஓர் இலட்சம் பேரின் எதிர்ப்புக் கூச்சலின் நடுவே, பி. கே. பானர்ஜியும் அதே ஜர்னைல் சிங்கும் கோல் அடிக்க, தம்மை முன்னர் வீழ்த்திய தென்கொரியாவை இரண்டுக்கு ஒன்று என இந்திய வீரர்கள் வென்றனர். சீக்கியரும் இந்துக்களும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் ஒரே உடலாய் ஆடிய அணி அது.

ஒன்பது மாதங்களின் பின்னர், 1963 ஜூன் 11 ஆம் திகதி ரஹீம் கண் மூடினார். அவர் வயது 53. ஆசிய விளையாட்டு விழாவின் உதைபந்தாட்டத் தங்கத்தை இந்தியா அதன்பின் இன்றுவரை வெல்லவில்லை. ஆயினும் விதை வீணாகவில்லை. அவரிடம் பயின்ற பானர்ஜி பின்னாளில் தாமே புகழ்பெற்ற பயிற்றுநராகி, வேறு பலரை உருவாக்கினார். நீண்டகாலம் மறக்கப்பட்டிருந்த ரஹீமின் கதை, 2024 இல் ஒரு ஹிந்தித் திரைப்படமாகவும் வந்தது.

அன்பிற்குரியவர்களே, அந்த இறுதியாட்டத்தில் ரஹீம் பந்தை ஒருமுறையேனும் தொடவில்லை. ஆனால் அங்கு ஓடிய ஒவ்வொரு காலிலும் அவர் உழைப்பு இருந்தது. ஆண்டவருக்கு வழியை ஆயத்தப்படுத்தித் தாம் சிறுகிப்போவதில் மகிழ்ந்த திருமுழுக்கு யோவானை இங்கே நினைக்கலாம். பிள்ளைகளைப் படிக்க வைக்கத் தம் தேவைகளைக் குறைத்துக்கொள்ளும் தாய்மார், ஞாயிறுதோறும் ஊதியமின்றி மறைக்கல்வி புகட்டும் ஆசிரியர்கள், மீன்பிடித் தொழிலை இளையோருக்குப் பொறுமையுடன் கற்பிக்கும் பெரியோர் ஆகியோரின் பெயர்களை உலகம் எழுதி வைப்பதில்லை; இறைவன் அறிந்திருக்கிறார்.

நோயினாலும் முதுமையினாலும் இனித் தம்மால் யாருக்கும் பயனில்லை எனக் கலங்குவோர் நம் வீடுகளில் உளர். அவர்களுக்கு இவ்வாழ்வு ஆறுதலாகட்டும். உடல் தளர்ந்த வேளையிலேயே அந்த ஆசான் தம் அரிய பாடத்தைப் புகட்டினார். நமக்கு எஞ்சியிருக்கும் நாட்கள் சிலவாயினும் பலவாயினும், அவற்றில் ஒருவரையேனும் வளர்த்துவிடும் வரத்தை இறைவனிடம் கேட்போம்.