பேசிப் பேசிக் கட்டிய ஆஸ்பத்திரி

1899ஆம் ஆண்டு. அமெரிக்காவில் நியூயார்க் நகரம். டாக்டர் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த ஒரு பெண், மிஷன் மாதர் சங்கத்தைச் சேர்ந்த ஓர் அம்மாளைத் தேடிப் போனார். சங்கக் கூட்டத்தில் பேச இடம் கேட்டார். வேலூரில் பெண்களுக்கு ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்ட வேண்டும். எதற்காக என்று விவரமாகச் சொன்னார்.

அவர்தான் ஐடா ஸ்கடர்.

அவர் சொன்ன கதை திண்டிவனத்தில் நடந்தது. ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா, அமெரிக்காவில் படித்தவர். தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று 1890இல் திண்டிவனம் வந்தார். தங்கிவிடும் எண்ணமே அவருக்கு இல்லை. ஓர் இரவு மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறு ஜாதி இந்து. மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவக் கஷ்டம். ஐடாவின் தந்தை டாக்டர். ஆனால் ஆண் டாக்டரை வீட்டுக்குள் விட மூவருமே சம்மதிக்கவில்லை. விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அதன் பிறகே ஐடா டாக்டராகத் தீர்மானித்தார்.

இதை அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையில் ஒரு முதியவர் கேட்டுக்கொண்டிருந்தார். பெயர் ஷெல். பாங்கு முதலாளி. இறந்துபோன மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார்! பார்க்கவே பார்க்காத ஊருக்கு!

1902இல் வேலூரில் அந்த அம்மாளின் பெயரால் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி எழுந்தது. படுக்கைகள் 40.

1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் ஏற்பட்டது. அதற்கும் பணம் வேண்டுமே. மறுபடியும் கப்பல், மறுபடியும் மேடை. ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்கு அமெரிக்க மாதர்கள் 20 லட்சம் டாலர் திரட்டினால், ராக்பெல்லர் நிதியிலிருந்து 10 லட்சம் கிடைக்கும் என்று ஏற்பாடு. லூசி பீபாடி அம்மையார் தலைமை தாங்கினார். ஐடா ஊர் ஊராகப் பேசினார். 1923க்குள் பணம் சேர்ந்தது. வேலூருக்கும் பங்கு வந்தது.

பெரிய சோதனை அதன் பிறகுதான் வந்தது. சென்னை மாகாண அரசாங்கம் பழைய மருத்துவப் பள்ளிப் படிப்பை நிறுத்தி, எம்.பி.பி.எஸ். பட்டம் வேண்டும் என்றது. அதற்குப் பெரிய கட்டடங்களும் நிறைய பேராசிரியர்களும் தேவை. ஆண் மாணவர்களையும் சேர்த்தால் மற்ற மிஷன்களும் உதவும். ஆனால் அமெரிக்க மாதர்களில் பலர் மறுத்தார்கள். பெண்களுக்கென்று கேட்டு வாங்கிய பணம் அல்லவா? அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. பழைய துணைவியான பீபாடி அம்மையாரே எதிர்த்து நின்றார்.

பெண்களுக்காகவே மேடைமேடையாகப் பேசியவர் ஐடா. வாயால் சொன்னதை எப்படி மாற்றுவது? மிகவும் தவித்தார். மாற்றாவிட்டால் கல்லூரியே மூடப்படும். கடைசியில் ஆண்களையும் சேர்க்கச் சம்மதித்தார்.

1941இல் எழுபது வயதில் மீண்டும் அமெரிக்கா போனார். உலக யுத்த காலம். நான்கு ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்து பேசினார். 1945இல் திரும்பி வந்தார். 1947இல் முதன்முதலாக ஆண் மாணவர்களும் வகுப்பில் உட்கார்ந்தார்கள்.

ஐடா அம்மையார் 1960இல் கொடைக்கானலில் காலமானார். அப்போது அவருக்கு 89 வயது.